பேஸ்பால் வீரர் ஜாஷ் கிப்ஸன்

அரசர், புலவர், தொண்டர் எனப் பல்திறத்தார் வரலாறுகள் கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் வெளிவரக் காண்கின்றோம். யாம் ஈண்டு உரைக்கப் புகுந்தது ஒரு விளையாட்டு வீரரின் வரலாறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பிறந்து, அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில் நிகரின்றி விளங்கி, முப்பத்தைந்து வயதில் மறைந்த ஜாஷ் கிப்ஸன் என்பாரே அவ்வீரர். தமிழ் பயிலும் மாணவர்க்கு அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவரின் அடிக்கணக்கோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளர். ஒருவர் செய்த வினையை எதனோடு ஒப்பிட்டு அளப்பது, ஒப்பிடும் கூட்டத்திலேயே அவரைச் சேர்க்க மறுத்திருப்பின் அவ்வளவை எவ்வாறு நம்புவது என்னும் வினாக்கள் அவர் வரலாற்றில் அடங்கியுள்ளன. கற்போர் யாவர்க்கும் அவை உரியன என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஆட்டத்தின் இயல்பு

கிரிக்கெட்டு ஆட்டத்தைக் கண்டு பழகியவர்க்குப் பேஸ்பாலை விளக்குதல் அரிதன்று. ஒருவன் பந்தை எறிய, மற்றொருவன் உருண்ட மட்டையால் அதனை அடித்துவிட்டு, சதுரமாய் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வரின் ஓர் ஓட்டம் கிடைக்கும். அடித்தவன் ஆட்டமிழவாமல் தன் அடியின் வலியாலேயே ஒரு தளத்தையேனும் அடைந்தால் அஃது 'ஹிட்' எனப்படும். பந்தை எல்லைக்கு அப்பாற் போக்கி, நான்கு தளங்களையும் ஒரே அடியிற் சுற்றி வருதல் 'ஹோம் ரன்' ஆகும். எறிபவன் பிழையால் தளம் பெற்ற முறைகள் போன்ற சிலவற்றைக் கழித்து, எஞ்சிய முறைகளுள் எத்தனையில் ஹிட் பெற்றான் என்று காண்பதே அடிச்சராசரி. அதனை ஆயிரத்திற்கு இத்தனை எனக் குறிப்பது வழக்கம். 300 பெற்றவன் சிறந்த ஆட்டக்காரன் என மதிக்கப்படுவான். பத்து முறைகளுள் ஏழு முறை தோற்றும் ஒருவன் சிறந்தோனாக எண்ணப்படுவதைக் கொண்டே அவ்வாட்டத்தின் அருமையை அறியலாம்.

பிறப்பும் இளமையும்

கிப்ஸன் 1911-ஆம் ஆண்டு டிஸம்பர் 21-ஆம் நாள், ஜார்ஜியா மாகாணத்துப் புவனா விஸ்டா என்னும் சிற்றூரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். தெற்கு மாகாணங்களில் கறுப்பினத்தார் பட்ட இடரும் வறுமையும் பெரிது. ஆதலின் அக்காலத்தில் இலட்சக்கணக்கானோர் வடக்கே தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கிப்ஸனின் தந்தையும் பிட்ஸ்பர்க் நகரையடைந்து எஃகு ஆலையில் வேலை பெற்று, பின்னர்த் தம் குடும்பத்தாரை அங்கு வரவழைத்துக்கொண்டார். சிறுவர் கிப்ஸன் மின்தொழில் பயிலத் தொடங்கினார். எனினும் பள்ளிப் படிப்பை முடித்தாரல்லர். கடை ஒன்றில் மின்தூக்கியை இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் பேஸ்பால் ஆடிவந்தார். அகன்ற தோளும் உரம்பெற்ற கையும் உடைய அவ்விளைஞரின் அடியைக் காண ஊரார் திரண்டனர்.

1930-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'ஹோம்ஸ்டெட் கிரேஸ்' என்னும் புகழ்பெற்ற கறுப்பினக் குழுவில் அவர் இடம்பெற்றார். அப்போது அவர்க்கு வயது பதினெட்டு. அன்றிரவு விளக்கொளியில் ஆடுங்கால் பந்து பிடிப்போர்க்குக் கையிற் காயம்பட, பார்வையாளர் கூட்டத்தில் அமர்ந்திருந்த கிப்ஸனை அழைத்து ஆடச்செய்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அடுத்த மாதமே அவர்க்குப் பெருந்துயர் நேர்ந்தது. இளமனைவியார் ஹெலன் இரட்டைக் குழந்தைகளை ஈன்று உயிர் நீத்தார். குழந்தைகளை மனைவியின் குடும்பத்தார் வளர்க்க, கிப்ஸன் ஊர் ஊராய்ச் சென்று ஆடலானார்.

நிறவேற்றுமை என்னும் வேலி

அமெரிக்கன் லீக், நாஷனல் லீக் என்னும் இரண்டுமே அந்நாட்டின் பெரிய லீக்குகள். 1884-ஆம் ஆண்டில் மோஸஸ் பிளீட்வுட் வாக்கர் என்பார் பெரிய லீக் ஒன்றில் ஆடினார். அதன்பின் 1947 வரை, அறுபது ஆண்டுகட்கு மேலாக, கறுப்பினத்தார் என்று அறியப்பட்ட எவரும் அவற்றில் ஆடியதில்லை. இதற்கு அச்சிட்ட சட்டம் ஒன்றுமில்லை. குழுவுடையோர் தமக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடே சட்டத்தினும் வலியதாய் நின்றது. கறுப்பினத்தார் தமக்கெனத் தனிக் குழுக்களையும் லீக்குகளையும் அமைத்துக்கொண்டனர். அவையே 'நீக்ரோ லீக்குகள்' என வரலாற்றிற் பெயர்பெற்றவை. அவற்றுள் முதலாவது நிலைபெற்ற லீக் 1920-ஆம் ஆண்டில் தோன்றியது.

அக்குழுக்களின் வாழ்வு எளியதன்று. லீக் ஆட்டங்களால் மட்டும் ஊதியம் ஈட்ட இயலாமையின், வாரநாட்களில் சிற்றூர்க் குழுக்களோடும் ஆலைத் தொழிலாளர் குழுக்களோடும் ஆடிப் பொருள் சேர்த்தனர். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடுதலும் உண்டு. பகலெல்லாம் ஆடிவிட்டு இரவெல்லாம் பஸ்ஸிற் செல்வர். வழியில் உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் அவர்க்குக் கதவடைத்தமையால், பஸ்ஸிலேயே உண்டு பஸ்ஸிலேயே உறங்கிய நாட்கள் பல. வெள்ளையர் குழுக்கள் வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் அவற்றின் ஆடுகளங்களை வாடகைக்குப் பெற்று ஆடினர். அக்களத்தில் ஆட வாடகை வாங்கினரேயன்றி, அக்களத்திற்குரிய குழுவிற் சேர்த்தாரல்லர்.

ஆட்டச் சிறப்பு

கிப்ஸன் 1932 முதல் 1936 வரை 'பிட்ஸ்பர்க் கிராபோர்ட்ஸ்' குழுவில் ஆடினார். ஸாட்செல் பேஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல், ஜூடி ஜான்ஸன் என்னும் பெருவீரர்கள் அவருடன் அக்குழுவில் இருந்தனர். இந்நால்வரும் கிப்ஸனும் ஆகிய ஐவரும் பிற்காலத்தில் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். 1937-ல் கிப்ஸன் மீண்டும் ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவை அடைந்தார். அங்கே பக் லெனர்டு என்பாரும் அவரும் அடுத்தடுத்து மட்டை பிடித்தமையால், மக்கள் அவ்விருவரையும் வெள்ளையர் லீக்கின் பேப் ரூத், லூ கெரிக் என்னும் இருவரோடு ஒப்பிட்டுப் பேசினர். டொமினிக்கன் குடியரசு, மெக்ஸிக்கோ முதலிய நாடுகளிலும் அவர் சில காலம் ஆடினார். அங்கெல்லாம் அவர் விரும்பிய விடுதியில் தங்குதற்கும் விரும்பிய இடத்தில் உண்ணுதற்கும் தடையிருந்ததில்லை.

அவர் ஏற்றிருந்த பணி, மட்டை பிடிப்பவன் பின்னே குந்தியிருந்து எறிபந்தைப் பிடிப்பது. முழங்காலையும் விரல்களையும் தேய்க்கும் கடும்பணி அது. அப்பணியாளர் அடிப்பதிற் சிறத்தல் அரிது. கிப்ஸனோ காலை மிகுதியாகத் தூக்கி வைக்காமலும், உடலைப் பெரிதும் அசைக்காமலும், தோள் வலியாலேயே பந்தை நெடுந்தொலைவு செலுத்தினார். கிரேஸ் குழுவினர் வாஷிங்டனில் ஆடிய கிரிபித் களத்தில் இடப்பக்க எல்லை நானூறு அடிக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்தது. வலக்கை ஆட்டக்காரர்க்கு அது பெருந்தடை. அத்தடையையும் அவர் பந்துகள் கடந்து சென்றன. அக்களத்திற்குரிய வெள்ளையர் குழுவின் தலைவர் ஒருநாள் தம்மையும் கிப்ஸனையும் அழைத்து, பெரிய லீக்கில் ஆட விருப்பமுண்டோ என்று கேட்டதாக லெனர்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இருவரும் விருப்பம் தெரிவித்தனர். பின்னர் அழைப்பு ஒன்றும் வரவில்லை.

நோயும் மறைவும்

1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிப்ஸன் நினைவிழந்து வீழ்ந்தார். மூளையிற் கட்டியுள்ளதென மருத்துவர் கூறினர். அறுவை செய்துகொள்ள அவர் உடன்படவில்லை. அக்கட்டியோடும் அடிக்கடி வந்த தலைநோயோடும் அவ்வாண்டில் ஆடி, லீக் ஆட்டங்களில் 466 என்னும் சராசரி பெற்றார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கிரேஸ் குழு நீக்ரோ லீக்குகளின் உலகக் கோப்பைத் தொடரை வென்றது. ஆயினும் நோய் வளர்ந்தது. குடிப்பழக்கமும் அவர் உடலைக் கெடுத்தது. வரலாறு கூறுவோர் அதனை மறைத்தல் தகாது. முழங்கால் நொந்து, நடை தளர்ந்து, இளமையிலேயே முதுமை எய்தினார்.

1945-ஆம் ஆண்டின் இறுதியில் புரூக்ளின் குழுவினர் ஜாக்கி ராபின்ஸன் என்னும் கறுப்பின இளைஞரை ஒப்பந்தம் செய்தனர். வேலி விழப்போவது யாவர்க்கும் தெரிந்தது. கிப்ஸன் 1947-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் உயிர் துறந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்ஸன் நாஷனல் லீக்கின் களத்தில் இறங்கினார். இரண்டிற்கும் இடையே எண்பத்தைந்து நாட்கள். நாட்டின் தலைசிறந்த மட்டையடி வீரருள் ஒருவரை அடக்கம் செய்த கல்லறை, 1975 வரை பெயர்க்கல்லின்றிக் கிடந்தது.

சராசரியால் அளத்தல்

இனி அவர் பெருமையை அளக்கும் முறையைக் காண்பாம். ஒருவர் பெற்ற எண்ணைத் தனியே நோக்கின் அஃது ஏமாற்றும். இதற்கு வெள்ளையர் லீக்குகளிலிருந்தும் பிற்காலத்திலிருந்தும் ஒவ்வொரு சான்று காட்டுதும். 1930-ல் நாஷனல் லீக்கில் பில் டெரி என்பார் 401 பெற்றார். 1968-ல் அமெரிக்கன் லீக்கில் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி என்பார் 301 பெற்றே முதலிடம் அடைந்தார். எண்ணை மட்டும் காண்போர், பின்னவர் முன்னவரினும் மிகத் தாழ்ந்தவர் என்பர். ஆனால் 1930-ல் நாஷனல் லீக் ஆட்டக்காரர் அனைவர்க்கும் பொதுவான சராசரியே 303. அடிப்போர்க்கு வாய்ப்பான காலம் அது. 1968-ல் எறிவோர் கை ஓங்கியிருந்தமையால் அமெரிக்கன் லீக்கின் பொதுச் சராசரி 230-ஆகத் தாழ்ந்தது. லீக்கின் சராசரியை 100 எனக் கொள்ளின், டெரி பெற்றது 132. யாஸ்ட்ரெம்ஸ்கி பெற்றது 131. நூறு எண் வேறுபட்டாராகத் தோன்றிய இருவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தினர் என்பது இதனாற் புலனாகும்.

பேப் ரூத்தின் பெருமையும் இவ்வாறே விளங்கும். 1920-ஆம் ஆண்டில் அவர் 54 ஹோம் ரன்கள் அடித்தார். அஃது அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கின் எட்டுக் குழுக்களும் அடித்த மொத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. உடன் ஆடினோர் அடிக்காத காலத்தில் அடித்தமையே அவர்க்குச் சிறப்பு.

அறிஞர் இக்கணக்கை மேலும் செம்மை செய்துள்ளனர். ஒருவர் தளமடைந்த விகிதத்தையும், அடியின் வலிமையைக் காட்டும் விகிதத்தையும் சேர்த்து, அவ்வாண்டின் லீக் சராசரியோடு ஒப்பிட்டு, ஆடிய களம் அகன்றதோ குறுகியதோ என்பதையும் கருதி, பொதுநிலையை 100 எனக் கொண்டு எண்ணிடுவர். பல்லாண்டு ஆடியவருள் வாழ்நாள் முழுமைக்கும் இவ்வெண் 200-ஐக் கடந்தவர் இருவரே. ஒருவர் பேப் ரூத். மற்றவர் ஜாஷ் கிப்ஸன்.

கணக்கேட்டில் இடம்

கிப்ஸன் 1972-ல் புகழ்மன்றத்திற் சேர்க்கப்பட்டார். ஆயினும் பெரிய லீக்குகளின் கணக்கேட்டில் நீக்ரோ லீக் ஆட்டங்களுக்கு இடமில்லாதிருந்தது. ஆராய்ச்சியாளர் பலர் பல்லாண்டு உழைத்து, கறுப்பினத்தார் நடத்திய பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிபெண்டர் முதலிய வார இதழ்களின் பழைய தாள்களைப் புரட்டி, ஆட்டத்திற்கு ஆட்டம் கணக்கைத் திரட்டினர். 1920 முதல் 1948 வரையுள்ள ஆட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கிற்குக் கணக்கு கிடைத்தது. அக்காலத்து ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020-ஆம் ஆண்டு டிஸம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் 2,300-க்கு மேற்பட்ட ஆட்டக்காரரின் எண்கள் பொதுக் கணக்கேட்டில் ஏறின.

அன்று கிப்ஸன் பல வரிசைகளில் முதலிடம் பெற்றார். வாழ்நாள் அடிச்சராசரியில் டை காப் என்பாரின் 367 முதலாவதாக நின்றது. கிப்ஸனின் 372 அதனைக் கடந்தது. அடிவலிமை விகிதத்தில் ரூத்தின் எண் 690. கிப்ஸனின் எண் 718. ஓராண்டுச் சராசரியில், 1894-ல் ஹியூ டபி பெற்ற 440 நூற்றிருபது ஆண்டுகட்கு மேலாக முதலாவதாக இருந்தது. நோயுடன் கிப்ஸன் 1943-ற் பெற்ற 466 அவ்விடத்தை அடைந்தது.

தடைகளும் விடைகளும்

இதனை ஏலாதார் கூறும் தடைகள் இரண்டு. கிப்ஸன் மட்டை பிடித்த லீக் முறைகள் ஏறத்தாழ 2,200 மட்டுமே. காப் 11,400-க்கும் மேற்பட்ட முறை பிடித்தவர் என்பது முதற்றடை. இது புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பெறுதல் எளிது. பத்துத் தேர்விலும் அதனைக் காத்தல் அரிது. ஆட்டங்கள் குறையுங்கால் எண் மிக உயர்தலும் மிகத் தாழ்தலும் இயல்பு. ஆதலின் 466 என்னும் ஓராண்டு எண்ணைச் சற்றுத் தயங்கியே ஏற்றல் வேண்டும் என்பது எம் கருத்து. வாழ்நாட் கணக்கோ பல்லாண்டுகளின் தொகுப்பு. குறைந்தது 1,800 முறை மட்டை பிடித்தவரையே வரிசையிற் சேர்ப்பதென ஆய்வுக்குழுவினர் வரையறுத்தனர்; கிப்ஸன் அதற்கு மேற்பட்டவர். முறைகள் குறைந்தமைக்கும் அவர் காரணரல்லர். வெள்ளையர் லீக்கில் ஆண்டிற்கு 154 ஆட்டங்கள் நடந்தன. அவர்க்குக் கிடைத்த லீக் ஆட்டங்களோ அவற்றிற் பாதியளவே.

புகழ்மன்றத்துப் பட்டயத்தில் அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்தார் என்றும், கணக்கேட்டில் 174 என்றும் காணப்படுவது மாறுபாடன்று. முன்னதில் சிற்றூர்க் குழுக்களோடு ஆடியவையும் அடங்கும். பின்னது லீக் ஆட்டங்களில் அடித்து ஏட்டிற் பதிந்தவை மட்டும். அவ்வெண் சிறிதாயினும் விகிதம் சிறிதன்று. ரூத் ஏறத்தாழ பன்னிரண்டு முறைக்கு ஒரு ஹோம் ரன் அடித்தார். கிப்ஸனும் பன்னிரண்டு பதின்மூன்று முறைக்கு ஒன்று அடித்தவரே.

நீக்ரோ லீக்கின் தரம் தாழ்ந்தது. தாழ்ந்தோரின் சராசரியோடு ஒப்பிட்டு உயர்ந்து நிற்றல் எளிது என்பது இரண்டாந்தடை. வேலி நீங்கியபின் நிகழ்ந்ததே இதற்கு விடை. 1949 முதல் 1959 வரை பதினோராண்டுகளில் நாஷனல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசை ஒன்பது ஆண்டுகளிற் பெற்றவர்கள் முன்னர் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்களே. ராபின்ஸன், காம்பனெல்லா, மேய்ஸ், நியூகோம்ப், ஏரன், பாங்க்ஸ் என்போர் அவர்கள். காம்பனெல்லா மும்முறையும் பாங்க்ஸ் இருமுறையும் அப்பரிசைப் பெற்றனர். இத்தகையோர் ஆடிய லீக்கைத் தாழ்ந்தது என்றல் பொருந்துமோ? மேலும், வெள்ளையர் லீக்கின் சராசரி மட்டும் குறைவற்றதோ? ஸாட்செல் பேஜ் போன்ற எறிவீரரை உள்ளே விட்டிருப்பின் ரூத்தின் எண்ணும் காப்பின் எண்ணும் சிறிதேனும் தாழ்ந்திருக்கும். அவர்கள் எண்களும் ஒரு பகுதியாரோடு மட்டும் ஆடிப் பெற்றவையே. குறை இருபுறத்துக்கும் பொது. ஆயினும் அக்குறையின் பயனை ஒரு புறத்தார் நெடுநாள் நுகர்ந்தனர்.

முடிவுரை

சராசரி என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று முன்னரே முடிவு செய்துவிட்டு, பின்னர் எண்களை எத்துணை நேர்மையாகக் கூட்டினும் முடிவு நேர்மையாகாது. கிப்ஸன் வாழ்ந்த காலத்தில் அவர் அடித்த அடிகளை ஆயிரக்கணக்கானோர் கண்டனர். வார இதழ்கள் பதிந்தன. பெரிய ஏடு மட்டும் எழுதவில்லை. அதனை எழுத எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின. எழுதியவர்கள் அவர்க்குப் புதிதாக ஒன்றும் கொடுத்தாரல்லர். அவர் ஈட்டியதையே அவர் பெயரில் வைத்தனர். இழந்த ஆட்டங்களையோ, உறங்காது பஸ்ஸிற் கழித்த இரவுகளையோ, எண்பத்தைந்து நாட்களால் தவறிய விடியலையோ எவ்வேடும் ஈடு செய்யாது.

மாணவராகிய நாம் நாளை ஆசிரியராகவும், எழுத்தராகவும், அலுவலராகவும் பல ஏடுகளில் பலர் பெயரை எழுத இருக்கின்றோம். மதிப்பெண் இடுங்காலும் தகுதி காணுங்காலும், இவ்வேட்டில் இடம்பெறாதார் யாவர், எதனால் விடப்பட்டனர் என்று ஒருமுறை நோக்கிவிட்டுக் கூட்டத் தொடங்குவோமாயின், ஜாஷ் கிப்ஸன் வரலாற்றை அறிந்ததனாலாய பயனைப் பெற்றவராவோம்.